ஜெனரலின் கையில் ஒரு மாப்புக் கடிதம்

"லெட்டரு எழுதத் தெரிஞ்சா லோயரா ஆயிர முடியுமா புள்ள?"

எங்கள் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஐயா இப்படிக் கேட்டபோது நான் அவருடைய மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அம்மாவை வேலையிலிருந்து நீக்கிய விசாரணையின் குறிப்புகளில் ஒரு பிரதி வேண்டும் என்று கேட்டுப் போயிருந்தேன். அவர் கேலி செய்யவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, நிஜமான சந்தேகத்தோடுதான் கேட்டார். சட்டம் படிக்க எனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த செய்தி அப்போது தோட்டம் முழுக்கத் தெரியும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமையை நான் ஒருநாளும் ஒளித்து வைத்ததில்லை. ஆபீஸ் படியில் செருப்பைக் கழற்றாமல் ஏறுகிறவளும் எங்கள் லயத்தில் நான் ஒருத்திதான்.

ஆனால் அம்மாவின் வேலையைப் பறித்தது ஒரு லெட்டர். அதை எழுதியவள் நான்.

எங்களுடையது ருவான்வெல்லைக்கு மேலே இருக்கிற ஒரு ரப்பர் தோட்டம். அப்பா இறந்த பிறகு அம்மாவின் பேரில்தான் எங்களுக்கு லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒற்றை அறைக் காம்பரா. அம்மா பால் வெட்டுகிறவர். விடியும்போது மலைக்குப் போய், மரத்தைக் கீறி, சிரட்டையில் வடிகிற பாலைச் சேர்த்து ஸ்டோருக்குக் கொடுக்கவேண்டும். வெட்டின கோட்டிலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டியிருப்பது ஒட்டுப்பால். அதையும் உரித்தெடுத்துப் பையில் போட்டு, வேலை முடிந்ததும் மடுவத்தில், அதாவது நிறுக்கிற கொட்டகையில், ஒப்படைக்கவேண்டும். ஒட்டுப்பால் நாறும். கையில், தலைமயிரில், சாக்கில், சுவரில் எல்லாம் ஏறிக்கொள்ளும் நாற்றம். பள்ளிக்கூடம் போகிற காலத்தில் இரண்டு தடவை சவர்க்காரம் போட்டுக் குளித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அம்மா பையோடு மடுவத்துக்குப் போனபோது அது பூட்டியிருந்தது. மறுநாள் ஜெனரல் வருகிறார் என்பதால் கங்காணிமார், மடுவத்துக்குப் பொறுப்பான கண்டக்டர் ஐயா எல்லோரும் பாதையோரக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போய்விட்டார்கள். மடுவம் இப்படிப் பூட்டிக் கிடந்தால் பையை வீட்டுக்குக் கொண்டுபோய், மறுநாள் காலையில் கொண்டுவந்து நிறுப்பது எங்கள் தோட்டத்தில் எல்லோரும் செய்வதுதான். அன்றைக்கும் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். அம்மா விறகு பொறுக்கப் பின்தங்கிவிட்டார். தனியாக வந்தவரை, லயத்துக்குத் திரும்புகிற வளைவில் புதிதாகப் போட்டிருந்த செகியுரிட்டிக்காரர்கள் நிறுத்தினார்கள். பையைப் பிடுங்கி, அம்மாவின் பேரை எழுதிக்கொண்டு போனார்கள்.

ஜெனரல் என்று நான் சொல்வது மரியாதைக்கோ கிண்டலுக்கோ வைத்த பேர் அல்ல. அவர் நிஜமாகவே பட்டாளத்தில் ஜெனரலாக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பனி தன்னுடைய எல்லாத் தோட்டங்களுக்கும் சேர்த்து அவரை ஒழுக்காற்றுக்குப் பொறுப்பாகப் போட்டிருந்தது. அதற்கு முன்னால் பிடிபட்டவர்களைத் தோட்டத்துத் துரையே கூப்பிட்டுத் திட்டுவார், இரண்டு நாள் வேலை நிறுத்துவார், அத்தோடு முடியும். இப்போது ஒவ்வொரு தோட்டமாக ஜெனரல் போகிறார். குற்றப்பத்திரம் கொடுப்பதும் அவர், விசாரணையில் நின்று குற்றத்தை நிரூபிப்பதும் அவர்.

பை பிடிபட்ட அன்று பின்னேரமே அம்மா பெரிய கிளாக்கர் ஐயாவிடம் ஓடினார். நானும் கூடப் போனேன்.

"மாப்புக் கேட்டு ஒரு லெட்டர் குடுத்துரு. நாளைக்கு ஜெனரல் மாத்தயா வர முந்தியே அது ஆபீஸ்ல இருக்கணும். சிங்களத்துல எழுதுனா இன்னும் நல்லது," என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்து, "ஒங்க வீட்டுலயே எழுத ஆள் இருக்கே," என்றார்.

மாப்புக் கடிதம் எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம். தப்புச் செய்தாயா இல்லையா என்பது அதில் கிடையாது. துரை கோபமாக இருக்கிறாரா, மாப்புக் கேட்டு லெட்டர் கொடு. அவர் அதை வாங்கி மேசை லாச்சியில் போடுவார், கத்துவார், மறுநாள் பிரட்டுக்கு, காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்துக்கு, வரச் சொல்வார். அதை எழுதுகிற முறையும் எல்லோருக்கும் தெரியும். காரணம் எழுதக் கூடாது. எழுதினால் எதிர்த்துப் பேசுகிறாள் என்று ஆகிவிடும். தப்பைப் பெரிதாக்கி எழுதவேண்டும். எவ்வளவு பெரிதாக்குகிறோமோ அவ்வளவு சீக்கிரம் துரையின் மனம் இளகும். லயத்தில் யாருக்கு லெட்டர் வேண்டுமென்றாலும் பதினைந்து வயதிலிருந்து நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். ஒருத்தருக்குக்கூட மாப்புக் கிடைக்காமல் போனதில்லை.

அன்றைக்கு நான் மண்ணெண்ணெய்ப் பீப்பாயின் மேல் பலகை வைத்து உட்கார்ந்து எழுதினேன். அம்மா பக்கத்தில் நின்றார்.

"நான் திருடலையே புள்ள. காலையில நிறுக்கத்தானே கொண்டாந்தேன்."

"அதெல்லாம் எழுதக்கூடாதும்மா."

"மடுவம் பூட்டிக் கெடந்ததயாவது எழுதேன்."

"அத எழுதுனா கண்டக்டர் ஐயாவ மாட்டி விடுற மாதிரி ஆயிரும். அப்புறம் அவரு வேற நமக்கு எதிரி."

"அப்ப நான் எடுத்தேன்னா எழுதப் போற?"

"சும்மா எழுதுறதுதாம்மா. எல்லாருக்கும் இப்பிடித்தான் எழுதிக் குடுத்தேன்."

"சரி, நீ படிச்சவ," என்றார் அம்மா. எழுதி முடித்ததும் கைநாட்டு வைக்கக் கட்டைவிரலை நீட்டினார்.

சிங்களத்தில் எழுதினேன். இரண்டாம் மொழியாக எடுத்த சிங்களத்தில் பரீட்சையில் எனக்கு நல்ல சித்தி. 'கம்பனிக்குச் சொந்தமான சொத்தை அபகரித்துச் செல்லும் பாரதூரமான குற்றத்தைப் புரிந்தேன்' என்ற அர்த்தத்தில் ஒரு வரி. வேறு ஒருவருக்கு வந்த குற்றப்பத்திரத்தில் அந்த வார்த்தைகளைப் பார்த்திருந்தேன். கம்பீரமாக இருக்கிறது என்று எடுத்துப் போட்டேன். ஒரு தடவை எழுதி, வரி வளைந்திருக்கிறது என்று கிழித்துவிட்டு மறுபடியும் எழுதினேன்.

மறுநாள் ஜெனரல் வந்தார், மாப்புக்குப் பதிலாகக் குற்றப்பத்திரம்தான் வந்தது. பை பிடிபட்டு ஒன்பது நாள் கழித்து விசாரணை. அம்மா கல்யாணத்துக்குப் போகிற சேலையைக் கட்டிக்கொண்டு, கழுத்துச் செபமாலையை உள்ளே விட்டுக்கொண்டு வந்தார். ஆபீஸுக்குப் பின்னால் இருந்த அறையில் மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். அம்மாவின் பை, பழைய பத்திரிகை ஒன்றின் மேல், சாட்சிப் பொருளாக மூலையில் இருந்தது. ஒன்பது நாளான ஒட்டுப்பால் அந்தச் சின்ன அறையை நிறைத்திருந்தது.

மேசைக்குப் பின்னால் விசாரணை அதிகாரி இருந்தார். இரண்டு பக்கத்தையும் கேட்டு முடிவு சொல்லவேண்டியவர் அவர். அவரும் பட்டாளத்திலிருந்து வந்தவர்தான், கேப்டனாக இருந்தவராம். ஜெனரல் உள்ளே வந்ததும் கேப்டன் நாற்காலி பின்னுக்கு இழுபட எழுந்து நின்றார். குதிகால் இரண்டும் ஒட்டிக்கொண்டன. தீர்ப்புச் சொல்லவேண்டியவர் குற்றம் சாட்ட வந்தவருக்கு முன்னால் விறைத்துக்கொண்டு நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன்.

"சரி சரி, உட்கார். இது முகாம் இல்லை," என்று ஜெனரல் சிங்களத்தில் சொல்லிவிட்டு, அதே மேசையில், கேப்டனுக்குப் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்தார். அம்மா நின்றார். பெரிய கிளாக்கர் ஐயா மொழிபெயர்க்க ஓரமாக நின்றார். நான் கதவோரம் நின்றேன். நாங்கள் மூவரும் நிற்க, தேநீரும் மீன் பெட்டிஸும் வந்தன. இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். ஜெனரல் வாசனை போட்ட கைக்குட்டையை மூக்கருகில் பிடித்துக்கொண்டு, பையை ஒருமுறை பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். இரண்டையும் ஒரே மாதிரித்தான் பார்த்தார்.

சாப்பிட்டுக்கொண்டே அவர் கேப்டனிடம் ஒரு செய்தி சொன்னார். ஏதோ ஒரு நாட்டில் ஒரு ஜெனரலையே நாட்டின் தலைமை வழக்குத் தொடுநர் ஆக்கியிருக்கிறார்களாம். "வக்கீல்கள் பத்து வருடம் இழுக்கிறதை நம்ம ஆட்கள் பத்து நாளில் முடிப்பாங்க. இந்தக் கம்பனிக்கு நான்தான் சட்டமா அதிபர்," என்று சிரித்தார். கேப்டன், "எஹெய் சர்," என்று ஆமோதித்தார். தேநீர் கொண்டுவந்தவரும் சிரித்துவைத்தார்.

விசாரணை தொடங்கியது. என்ன சொல்கிறாய் என்று அம்மாவிடம் கேட்டார்கள். அம்மா தயங்காமல் சொன்னார்.

"மடுவம் பூட்டியிருந்துச்சுங்க தொரை. கங்காணிமாரு எல்லாம் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போயிட்டாங்க. வெளிய வச்சிட்டு வந்தா காணாமப் போயிரும். காலையில நிறுக்கலாம்னுதான் கொண்டு போனேன். எப்பவும் அப்பிடித்தாங்க செய்யிறது."

பெரிய கிளாக்கர் ஐயா அதைச் சிங்களத்தில் சொன்னார். "தெரியாமல் செய்துவிட்டாளாம் சர். பெரிய மனது வைத்து மன்னிக்கச் சொல்கிறாள்."

அவர் வஞ்சகமாகச் சொல்லவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். முப்பது வருடமாக எங்கள் ஆட்கள் சொல்வதையெல்லாம் அவர் மாப்பாக மாற்றித்தான் துரைமாருக்குச் சொல்லி வந்திருக்கிறார். அவருக்கு வேறு மாதிரிச் சொல்லத் தெரியாது.

"அம்மா அப்படிச் சொல்லவில்லை," என்றேன், சிங்களத்தில்.

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கிளாக்கர் ஐயா, "ஏய் புள்ள, சும்மா இரு," என்று தமிழில் பல்லைக் கடித்தார்.

"நீ யார்?" என்றார் ஜெனரல்.

"மகள்."

அவர் கோப்பிலிருந்து என் கடிதத்தை எடுத்தார். பெட்டிஸ் எண்ணெய் ஊறின விரல்களால் மூலையைப் பிடித்தார். எண்ணெய் தாளில் பரவியது. "இதை எழுதியது யார்?"

"நான்தான்."

"அப்படியா! அழகான கையெழுத்து. சிங்களப் பிள்ளைகள்கூட இப்போது இப்படி எழுதுவதில்லை." கேப்டனிடம் தாளைக் காட்டினார். கேப்டன் தலையை ஆட்டினார்.

இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதவேண்டும். அந்த ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அம்மா எனக்கு முன்னால் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருக்கிறார், நானோ என் கையெழுத்தைப் புகழ்ந்தார்கள் என்று உள்ளுக்குள் நிமிர்கிறேன். ஜெனரலின் கைக்குட்டை, எண்ணெய் விரல், கேப்டனின் குதிகால் எல்லாவற்றையும்விட அந்த ஒரு கணம்தான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

பிறகு நான் மடுவம் பூட்டியிருந்ததைச் சொன்னேன். எல்லோரும் பையை வீட்டுக்குக் கொண்டுபோனதைச் சொன்னேன். ஜெனரல் பொறுமையாகக் கேட்டார். கடிதத்தை மேசையின் மேல் என் பக்கம் தள்ளினார்.

"இதில் அது எங்கே இருக்கிறது? காட்டு."

தாளைக் கையில் எடுத்தேன்.

"காட்ட முடியாதா? சரி. இருப்பதைப் படி. உரக்கப் படி."

படித்தேன். பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டிகளில் பேசிப் பழகிய குரல். நடுங்கக்கூட இல்லை. 'கம்பனிக்குச் சொந்தமான சொத்தை அபகரித்துச் செல்லும் பாரதூரமான குற்றத்தைப் புரிந்தேன்.' படிக்கும்போதே அம்மா என்னைப் பார்க்கிறார் என்று தெரிந்தது. அம்மாவுக்கும் சிங்களம் விளங்கும். சந்தைக்குப் போய்ப் பேசுகிற சிங்களம், ஆனால் இந்த வரி விளங்குகிற அளவுக்கு விளங்கும். ஜெனரல் தனக்கென்று ஒரு சாட்சியைக்கூடக் கூப்பிடவில்லை. நானே போதுமானதாக இருந்தேன்.

"அவ்வளவுதான்," என்றார் ஜெனரல். கேப்டன் பேனாவை எடுத்தார். ஜெனரல் சொல்லச் சொல்லக் கேப்டன் முடிவை எழுதினார். எங்கே முற்றுப்புள்ளி, எங்கே புதிய வரி என்பதுவரை ஜெனரல்தான் சொன்னார். ஒரு இடத்தில் கேப்டன் நிமிர்ந்து, "சர், எச்சரிக்கையோடு விடலாமா?" என்று மெதுவாகக் கேட்டார். ஜெனரல் அவரைப் பார்த்தார். கேப்டன் குனிந்து எழுதி முடித்தார்.

வெளியே வந்து ரப்பர் மரங்களுக்கு நடுவே நடந்தோம்.

"மாப்புக் கேட்டா, குடுக்கணும். இல்லாட்டி குடுக்க மாட்டேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லணும். அதையே எடுத்து நம்மள அடிக்கிறதா?" என்றார் அம்மா. "பாவசங்கீர்த்தனத்துல சொன்னத சாமியாரு வெளிய போய்ச் சொல்லுவாராடி?"

"அவரு சாமியாரு இல்லம்மா."

"அது எனக்குத் தெரியும். ஒனக்குத் தெரியலையே."

அதற்குமேல் அம்மா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அடுத்த வாரம் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. அம்மாவின் பேர் தோட்டத்து ஆட்களின் பதிவேடான செக்ரோலிலிருந்து வெட்டப்பட்டுவிட்டது. மூன்று மாதத்துக்குள் காம்பராவையும் விட்டுவிடவேண்டும். அதற்கு அடுத்த நாள்தான் நான் விசாரணைக் குறிப்பைக் கேட்டு ஆபீஸுக்குப் போனதும், கிளாக்கர் ஐயா அந்தக் கேள்வியைக் கேட்டதும். குறிப்பைத் தர அவர் மறுத்துவிட்டார். லயத்தில் ஒவ்வொரு கதவாகப் போய், அன்று பையை வீட்டுக்குக் கொண்டுபோன அக்காமாரிடம் சாட்சி சொல்லக் கேட்டேன். ஒருத்தர் முற்றத்தைக் கூட்டிக்கொண்டே இருந்தார், நிமிரவில்லை. இன்னொருத்தர் என் முகத்துக்கு நேரே சொன்னார். "ஒங்கம்மாவுக்கு எழுதிக் குடுத்த மாதிரி எனக்கும் ஒண்ணு எழுதிக் குடுத்திராத தாயே." எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்தது நியாயம்தான்.

ஜெனரல் சொன்ன அந்த வெளிநாட்டுச் செய்தியைப் பிறகு போனில் தேடிப் படித்தேன். அது நிஜம். அந்த நாட்டு ஜெனரல் நல்லவரா கெட்டவரா என்று எனக்குத் தெரியாது. சட்டம் படித்தவராகவும் இருக்கலாம். ஆனால் அங்கே நீதிமன்றத்தில் அவர் நுழையும்போது யார் யார் எழுந்து நிற்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் எனக்கு ஆசை. குற்றம் சாட்டுகிறவர், தப்பாகவும் போகலாம் என்று பயந்துகொண்டே சாட்டவேண்டும். தான் சொல்வதை மறுக்க ஒருவர் இருக்கிறார் என்று அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். நான் பார்த்த ஜெனரலிடம் அந்தப் பயம் துளிகூட இருக்கவில்லை. ஆயுள் முழுக்க யாரும் அவரை மறுத்துப் பேசியிருக்கமாட்டார்கள். எங்கள் ஆட்களோ மறுத்துப் பேசுவதே தப்பு என்று பரம்பரையாகப் பழகியவர்கள். அந்தப் பழக்கத்தை நல்ல சிங்களத்தில், வளையாத வரிகளில் எழுதி அவர் கையில் கொடுத்தது என் படிப்பு.

கேகாலையில் இலவசமாகச் சட்ட உதவி செய்கிற ஒரு பெண் சட்டத்தரணியைப் பார்க்க அம்மாவும் நானும் போனோம். சிங்களப் பெண், என்னை நங்கி, அதாவது தங்கச்சி, என்று கூப்பிட்டார். ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபையில் மனுப் போடவேண்டும் என்றார். மனுப் போட்டால் காம்பராவை உடனே பறிக்கமாட்டார்கள், அதற்குக் கம்பனி தனியாக வழக்குப் போட்டுத்தான் ஆகவேண்டும் என்றார். அம்மா அதைக் கேட்டுத்தான் முதல்தடவையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

பிறகு சட்டத்தரணி என் கடிதத்தின் பிரதியைக் கேட்டார். என்னிடம் இருக்கவில்லை. வார்த்தைக்கு வார்த்தை மனப்பாடமாகச் சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நங்கி, உங்கள் வழக்கில் இதுதான் ஓட்டை. இதை அம்மா சொல்லவில்லை, தோட்டத்து வழக்கப்படி நீயாகத்தான் எழுதினாய் என்று நீயே சாட்சிக் கூண்டில் ஏறிச் சொன்னால் ஒழிய இதை அசைக்க முடியாது. சொன்னால் அவர்களுடைய சட்டத்தரணி உன்னை விடமாட்டார். அன்றைக்கு எழுதியது பொய்யா, இன்றைக்குச் சொல்வது பொய்யா என்று கேட்பார். சட்டம் படிக்கிறவள் என்பதையும் கேட்பார். எல்லாம் பதிவில் இருக்கும். யோசித்துச் சொல்."

வெளியே பஸ்ஸுக்கு நின்றபோது அம்மா கேட்டார். "நீ அப்பிடிச் சொன்னா ஒன் படிப்புக்கு ஏதும் ஆகுமா?"

"ஒண்ணும் ஆகாதும்மா. அசிங்கமா இருக்கும். அவ்வளவுதான்."

"எனக்குப் பரவாயில்ல. நீ என்னா செய்வ?"

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்தக் கேள்விகளையெல்லாம் என்னிடம் நானே கேட்டுப் பார்த்தேன். நிறையப் பேர் இருக்கிற ஒரு மண்டபத்தில், என் வகுப்பில் படிக்கப்போகிறவர்களும் இருக்கக்கூடிய இடத்தில், கம்பீரமாக இருந்ததால்தான் அந்த வார்த்தையைப் போட்டேன் என்று நான் சொல்லவேண்டும். ருவான்வெல்லையில் பஸ் மாறும்வரை அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

போன வெள்ளிக்கிழமை மறுபடியும் கேகாலைக்குப் போனேன். கடிதத்தை எழுதியவள் நான், அந்த வார்த்தைகள் அம்மாவுடையவை அல்ல, அம்மா சொன்ன காரணத்தை எழுதவிடாமல் தடுத்ததும் நான் என்று சத்தியக் கடதாசி தயார் செய்து, சமாதான நீதவான் ஒருவர் முன்னால் கையெழுத்துப் போட்டேன். அதை மனுவோடு சேர்த்துத் தொழில் நியாய சபையில் கொடுத்து, முத்திரை குத்திய பிரதியையும் வாங்கிக்கொண்டேன். எங்கள் சாட்சிப் பட்டியலில் முதலாவது என் பேர். அழைப்பாணை அனுப்பிக் கூப்பிடவேண்டியவர் என்று இரண்டாவதாக ஜெனரலின் பேரை, அவருடைய பட்டங்களில் ஒன்றையும் விடாமல், எழுதியிருக்கிறேன்.